குத்துகிற இடம்

மார்ச் 4

இன்று மூன்று மேல் பல்செட்டு, ஒரு கீழ் செட்டு செய்து முடித்தேன். மதியம் டாக்டரம்மா பின்னறைக்கு வந்தார். பல் ஆஸ்பத்திரியின் பின்னறை வரைக்கும் அவர் வந்தால் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம். கையில் இருந்த மெழுகு நழுவிவிட்டது.

"இந்த வருஷம் சபை ஊழியப் பயணத்துக்கு நீங்களும் வர்றீங்க. போன தடவ நாங்க அங்க பல்லில்லாதவங்களுக்கு அளவெடுத்துட்டு வந்தோம், நீங்க இங்க செட்டு செஞ்சீங்க, பார்சல்ல அனுப்பினோம். இந்தத் தடவ அங்கேயே செஞ்சு மாட்டிவிட்டுடலாம்."

தலையாட்டினேன். இருபத்திரண்டு வருஷமாக அவரிடம் தலையாட்டித்தான் பழக்கம்.

வெளிநாடு. விமானம். ஜெபக் கூட்டம். நானா?

மார்ச் 9, ஞாயிறு

போதகர் படிவம் கொடுத்தார். 'உங்கள் அழைப்பைக் குறித்து மூன்று வரி எழுதவும்.' ஆண்டவர் என்னை எதற்கும் கூப்பிட்டதாக நினைவில்லை. டாக்டரம்மாதான் கூப்பிட்டார். அதை எழுத முடியுமா?

"பயமா இருந்தா வரலன்னு சொல்லிடுங்க" என்றாள் மனைவி.

"பயமெல்லாம் இல்ல."

"அப்புறம் ஏங்க பேனாவக் கடிக்கிறீங்க?"

அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. ஜனவரியில் பாடகர் குழு நண்பன் இறந்துபோனான், என் வயதுதான், நாற்பத்தெட்டு. அதிலிருந்து விடியற்காலை விழிப்பு வந்துவிடுகிறது. நான் போனால் என்ன மிச்சம்? எத்தனையோ வாய்க்குள் என் கைவேலை இருக்கிறது. ஆனால் அளவு அச்சுதான் என்னிடம் வரும், ஆள் வருவதில்லை. ஒரு முகம்கூட எனக்குத் தெரியாது. இதற்காகவா பிறந்தேன்?

படிவத்தில் 'உதவி செய்ய விருப்பம்' என்று எழுதினேன். ஒரே வரி.

ஏப்ரல் 21

விமானத்தில் எல்லாரும் கோரஸ் பாடினார்கள். நான் கைப்பிடியை விடவே இல்லை.

ஏப்ரல் 23

ஆலயத்துக்குப் பக்கத்துக் கூடம். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சன்னலோரம் எனக்கு ஒரு மேசை. இந்தச் சபைத் தையல்காரர் எங்கள் நாட்டில் பத்து வருஷம் வேலை பார்த்தவர், நம் பேச்சு நன்றாக வருகிறது. அவர்தான் எங்களுக்கு வாய்.

முதல் செட்டு ஒரு லாரி ஓட்டுநருக்கு. மாட்டிவிட்டுக் கண்ணாடியைக் கொடுத்தேன். பெரிய மீசைக்காரர், பார்த்ததும் அழுதுவிட்டார். டாக்டரம்மா படம் எடுத்தார்.

நான் செய்த பல்லை முதன்முதலாக ஒரு முகத்தில் பார்த்தேன். இதுதானா அழைப்பு? இவ்வளவு சுலபமாகவா?

ஏப்ரல் 25

லாரிக்காரர் திரும்ப வந்தார். ஈறு புண்ணாகி ரத்தம். பதறினேன், ஆனால் இது வழக்கம்தான். புதுச் செருப்பு கடிக்கிற மாதிரி. எங்கே குத்துகிறதோ அந்த இடத்தை மட்டும் அரத்தால் லேசாகத் தேய்க்க வேண்டும். மூன்று நான்கு தடவை வந்து போனால்தான் வாய்க்குப் பொருந்தும். ஊரில் அதை டாக்டரம்மாவே பார்த்துக்கொள்வார்.

தேய்த்துக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது.

போன வருஷம் பார்சலில் அனுப்பினோமே — அதையெல்லாம் யார் தேய்த்தார்கள்?

ஏப்ரல் 27, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் தையல்காரரைக் கேட்டேன். "போன வருஷம் செட்டு வாங்கினவங்க எப்படி இருக்காங்க?"

"எல்லாரும் சௌக்கியம்" என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அவருடைய அக்கா அதில் ஒருவர். வாய் நிறையச் சிரித்துக்கொண்டு எதிரிலேயே நின்றார். பிறகும் நான் ஏன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்? சும்மா இருக்கவே தெரியாத புத்தி.

ஏப்ரல் 28

மேசையோரச் சன்னலுக்கு ஒரு திரைத்துணி தைக்கக் கொடுக்கத் தையல்காரர் வீட்டுக்குப் போனேன், சொல்லாமல் கொள்ளாமல். அக்காதான் கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது பல் இருந்தது.

தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். வற்புறுத்திக் கேட்ட பிறகு அக்கா ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து, போட்டிருந்த செட்டைக் கழற்றித் துணியில் சுற்றி அதற்குள் வைத்துக் காட்டினார். அங்கேதான் அதன் குடித்தனம்.

அக்கா சொன்னதைத் தையல்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "போட்டா உயிர் போகுதாம். அவ்வளவு தூரத்துலேருந்து வந்திருக்கீங்க, மனசு கஷ்டப்படுமேன்னுதான் ஞாயித்துக்கிழம போட்டாங்களாம்."

செட்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. என் கைதான். முன்பல்லை நூலளவு சாய்த்து வைப்பது என் வழக்கம்.

ஏப்ரல் 30

தையல்காரரோடு இரண்டு நாளில், போன வருஷம் செட்டு வாங்கின பதினாலு வீடு. டாக்டரம்மாவிடம் தலைவலி என்று பொய் சொல்லிவிட்டுப் போனேன். பதினொரு வீட்டில் பல் டப்பாவில், அலமாரியில், ஒரு வீட்டில் குழந்தையின் விளையாட்டுச் சாமானோடு. எல்லாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள். அவங்க என்கிட்ட!

ஐயோ, என்னடா பண்ணி வச்சிருக்கே. பளபளன்னு மெருகேத்தி அனுப்பிட்டு நிம்மதியா இருந்தியே. இப்ப செஞ்சதும் இதே கதிதானே? நாலு நாள்ல கிளம்பணும். ஆண்டவரே, என்ன பண்ணட்டும்?

மே 2

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. "வேல வெட்டியெல்லாம் விட்டுட்டு வந்து பத்தொம்பது பேருக்குப் பல்லு குடுத்திருக்கோம். இதுல என்ன குத்தம் கண்டீங்க?"

"குடுத்தோம் டாக்டரம்மா. அவங்க சாப்பிடறாங்களான்னு பாக்கல."

"ஊருக்குப் போனதும் சாட்சிக் கூட்டத்துல இதெல்லாம் பேசாதீங்க. சபை மனசு உடைஞ்சுபோகும்."

தலையாட்டவில்லை. ஆட்டாமல் நின்றதே எனக்குப் பயமாக இருந்தது.

மே 11, ஞாயிறு

ஊருக்கு வந்து ஒரு வாரம் சோறே இறங்கவில்லை. இன்று சாட்சிக் கூட்டம், பயணத்தில் ஆண்டவர் செய்ததைச் சபைக்கு முன் சொல்கிற நாள். திரையில் சிரித்த முகங்கள், கைதட்டல். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

எழுதி வைத்த தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "போன வருஷப் பல்லுல பதினொண்ணு டப்பாவுல கெடக்கு. செஞ்சது நான்தான். நமக்காக ஒரு நாள் போட்டுக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்கு மறுபடியும் போகணும். புதுசா எதுவும் செய்றதுக்கு இல்ல. தேய்க்க."

யாரும் கைதட்டவில்லை. 'ஆமென்' கூட இல்லை. போதகர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வெளியே வந்து மரத்தடியில் வாந்தி எடுத்தேன்.

மனைவி முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "உங்க முட்டி தட்டுன சத்தம் கடைசி வரிசைக்கே கேட்டுச்சு. ஆனாலும் சொல்லிட்டீங்களே." கொஞ்சம் கழித்து, "போயிட்டு வாங்க. இங்கயே இருந்தா தூக்கத்துல பல்லக் கடிக்கிறீங்க, எனக்குத் தூக்கம் கெடுது."

மே 20

ஒன்பது நாளாக டாக்டரம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போய்விடுமோ? இந்த வயதில் வேறு எங்கே போவேன்? இன்று மாலை பின்னறைக் கதவில் சாய்ந்து நின்றார்.

"பார்சல்ல அனுப்பலாம்னு சொன்னது நான்" என்றார். பிறகு, "ரெண்டு மாசம் லீவு எடுத்துக்கங்க. தேய்க்கிற சின்ன மெஷினையும் கொண்டு போங்க."

ஜூன் 24

திரும்ப வந்துவிட்டேன், தனியாக. கூடத்தில் எதிரொலி கேட்கிறது. காலையில் ஒருவர்தான் வந்தார். மாலையில் ஆறு பேர், ஆறு டப்பா.

ஜூலை 8

தையல்காரரின் அக்காவுக்கு ஐந்தாவது தடவை. இன்னும் குத்துகிறது என்கிறார். எங்கே என்றுதான் கண்டுபிடிக்க முடியவில்லை. சண்டைக்கு வருகிறார். நல்லது, மரியாதைக்குச் சிரிப்பது போய்விட்டது. ஆனால் என்னால் முடியாமல் போனால்? சபைக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டு வந்தேனே.

ஜூலை 11

கண்டுபிடித்தேன். நாக்குக்குக் கீழே, கடுகளவு.

ஆகஸ்ட் 14

ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்தேன். பத்து மணி வரை யாரும் இல்லை. பதினொன்றுக்கும் இல்லை. கோபமா? நேற்று யாருக்காவது அதிகமாகத் தேய்த்துவிட்டேனா? மறுபடியும் எல்லாம் டப்பாவுக்குள் போய்விட்டதா?

தையல்காரர் கடைக்கு ஓடினேன். "ஏன் ஒருத்தர்கூட வரல? ஏதாவது சொன்னாங்களா?"

அவர் தையல் மெஷினை நிறுத்தவில்லை. "வலிச்சாத்தானே வருவாங்க?"

திரும்பி வந்து அரங்களைத் துடைத்து வைத்தேன். சன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சாயங்காலம் வரை ஒருவரும் வரவில்லை.