ஸ்பிரிட்டில் கரைந்த ரயில் பாட்டு

என் ஸ்டீபன் அண்ணனுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் ரெக்கார்டு ஒன்றைக் கெடுத்துவிட்டேன். ஏதோ ஒன்று என்றால்கூடப் பரவாயில்லை. உன் மகள் எஸ்தருடைய ரயில் பாட்டு.

நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. உன் வேலைக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தது. அண்ணியும் எஸ்தரும் இப்போது முத்தாபுதுப்பேட்டையில் என்னோடுதான். உன் ரெக்கார்டுகள் நான் வேலை பார்க்கிற கம்பெனியின் நீலப் பிளாஸ்டிக் கிரேட்டுகளில் மினி லாரியில் வந்தன. நான் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இந்தக் கடிதம் வெளியாட்கள் கையிலும் கிடைக்கலாம், அதனால் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. என் அண்ணன் குழந்தைகள் ரெக்கார்டு மட்டும்தான் சேர்ப்பான். தமிழ்ச் சிறுவர் பாட்டு, மணி அடித்தால் பக்கம் திருப்பவேண்டிய படக்கதைப் புத்தகத்தோடு வரும் ரெக்கார்டு, வெளிநாட்டுத் தீம் பார்க்குகளில் அந்தக் காலத்தில் ஞாபகத்துக்கு விற்ற ரெக்கார்டு. படகுச் சவாரியின் தண்ணீர்ச் சத்தம், பேய் வீட்டுச் சிரிப்பு எல்லாம் அதில் இருக்கும். பூந்தமல்லி தாண்டி இருக்கிற பார்க்குக்கு நாம் போனபோது, ராட்டினத்தைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று எல்லோருடைய செருப்பையும் காவல் காத்துக்கொண்டு கீழே நின்றவன் நீ. உனக்கு எதற்கு அந்த ரெக்கார்டெல்லாம்? கடைசிவரை நான் கேட்கவே இல்லை.

இந்த எட்டு மாதமும் எஸ்தர் பிளேயர் பக்கம் போகவில்லை. போன ஞாயிறு என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்தாள். அதற்கடுத்த ஞாயிறு சர்ச் முடிந்து வந்ததும் கேட்க அஞ்சு ரெக்கார்டு, வரிசை எண் போட்டு. முதலில் படகுச் சவாரி. மூன்றாவது ரயில் பாட்டு. ஏழு வயதுப் பெண் எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்கிறாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடலாம் என்று திங்கட்கிழமை உட்கார்ந்தேன்.

கம்பெனியில் அச்சு துடைக்கிற ஸ்பிரிட் ஒரு பாட்டில் வீட்டில் இருந்தது. முதல் இரண்டையும் துடைத்தேன், கண்ணாடி மாதிரி பளபளத்தன. மூன்றாவதைத் துடைத்தபோது துணி கறுப்பாக வந்தது. எவ்வளவு அழுக்கு என்று சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அண்ணா, அது அழுக்கில்லை, பாட்டு.

முதல் இரண்டும் வினைல் பிளாஸ்டிக். ரயில் பாட்டு அதற்கும் முந்தைய காலத்து அரக்குத் தட்டு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். ஆசாரிகள் கதவுக்குப் பாலிஷ் போடுவதே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான். எனக்கு இது தெரியும், படித்திருக்கிறேன். அரக்குத் தட்டு கனமாக இருக்கும், அவசரத்தில் அந்த எடையைக்கூடக் கவனிக்கவில்லை. பிறகு அட்டையைப் புரட்டினால் பென்சிலில் உன் கையெழுத்து: ‘ஈரத்துணி மட்டும்.’ பிளேயரில் போட்டு முள்ளை வைத்துப் பார்த்தேன். எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் வந்தது, வேறொன்றும் வரவில்லை.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு ஆவடி தாண்டிப் பாடிக்கு ஓடினேன். மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் நீ போகும் பழைய சாமான் கடை. கடைக்கார பாய் என்னைப் பார்த்ததும், “இன்னா தம்பி, அண்ணன் எங்க? ஆளையே காணோம்?” என்றார்.

சொன்னேன். கையிலிருந்த மிக்ஸி ஜாரை அப்படியே கீழே வைத்தார். “போன வாட்டி இங்கதான் டீ குடிச்சிகினு பேசிகினு இருந்தாரு” என்றார். ரயில் பாட்டைப் பற்றிச் சொன்னதும் உள்ளே போய், தூசி தட்டி, அதே பாட்டின் இன்னொரு தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கீறலே இல்லை.

“இத்த அவருக்குத்தான் எடுத்து வச்சேன். இங்கயே ஒரு தபா போட்டுக் கேட்டாரு. சிரிச்சாரு. வேணாம் பாய், ஊட்டுக்கு இது ஒத்து வராதுன்னு வச்சிட்டுப் பூட்டாரு.”

நல்ல தட்டை நீ ஏன் விட்டுவிட்டு வந்தாய்? எனக்குப் புரியவில்லை. வண்டி ஓட்டும்போது எனக்கு வேறு கவலை. நம் வீட்டுத் தட்டில் ஒரு கீறல் இருந்தது. பாட்டில் குரங்கு டிக்கெட் கொடுக்கிற இடத்தில் முள் மாட்டிக்கொண்டு “குரங்கு மாமா, குரங்கு மாமா” என்று சுற்றும். நீ முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த வரியை நீயே பாடுவாய்: “யானைக்கு எடமில்ல, ஆவடியில எறங்கு!” எஸ்தர் விழுந்து விழுந்து சிரிப்பாள். அப்புறம் கீறலைத் தாண்டி முள்ளை வைப்பாய். முள் மாட்டவில்லை என்றால் இது வேறு தட்டு என்று அவள் கண்டுபிடித்துவிடுவாளே?

அதனால் என்ன செய்தேன் தெரியுமா? சிரிக்காதே. வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் புதுத் தட்டைக் கம்பெனி மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்தேன். பழைய தட்டில் மிச்சமிருந்த கீறலின் நீளம், சாய்வு எல்லாம் அளந்து பேப்பரில் படம் போட்டு, கையில் ஊசியையும் எடுத்துவிட்டேன். பக்கத்து மெஷின் செல்வம் டிபன் பாக்ஸோடு வந்து நின்றான்.

“இன்னா மாமே, தோசய மைக்ரோஸ்கோப்ல பாக்குற?”

“போடா. கீறல் போடணும்.”

“நல்லா இருக்குற தட்டுல எதுக்குடா?”

“கொழந்தைக்குத் தெரியக் கூடாது.”

“பொய்க்கு டிராயிங் போட்டுகினு இருக்கியே, நீயெல்லாம் குவாலிட்டி இன்ஸ்பெக்டரா? ஊட்டுக்குப் போ, கொழந்தகிட்ட சொல்லு, திட்டு வாங்கு.”

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன்.

இன்று ஞாயிறு. சர்ச்சில் பிரசங்கம் ஒரு வார்த்தைகூடக் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் கெட்டுப்போன தட்டை எஸ்தர் மடியில் வைத்து நடந்ததைச் சொன்னேன். சாம்பல் பூத்த அந்த இடத்தை விரலால் தடவினாள்.

“உங்கள யாரு தொடைக்கச் சொன்னா?”

“யாரும் சொல்லல.”

“அட்டையில அப்பா எழுதிருக்காருல்ல? உங்களுக்குப் படிக்கத் தெரியாதா?”

“எஸ்தர், சித்தப்பாகிட்ட அப்படிப் பேசாத” என்றார் அண்ணி.

“பேசட்டும் அண்ணி” என்றேன்.

சாப்பிடும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, “அந்தப் புதுசப் போடுங்க” என்றாள். போட்டேன். ரயில் கிளம்பியது, குரங்கு டிக்கெட் கொடுத்தது. அவள் உன் வரிக்கு வாயைத் திறந்தாள். அதற்குள் ரெக்கார்டில் பாடுகிற பெண் அடுத்த வரியைப் பாடிவிட்டார்: யானை மாமாதான் கார்டாம், பச்சைக் கொடி காட்டுவாராம்.

“தப்பு!” என்று எஸ்தர் எழுந்து நின்றாள். “தப்பாப் பாடுறாங்க!”

“இத்தனை வருஷம் அங்க என்ன வரின்னே எனக்குத் தெரியாது தம்பி” என்றார் அண்ணி. அப்போதுதான் பாய் சொன்னது எனக்கு விளங்கியது. நீ பாய் கடையில் நின்று நிஜ வரியைக் கேட்டிருக்கிறாய். யானை கார்டாக வேலை பார்க்கிற வண்டியில், யானையையே ஆவடியில் இறக்கிவிட்டிருக்கிறாய் என்று தெரிந்துதான் சிரித்திருக்கிறாய். இது வீட்டுக்கு வந்தால் உன் வரி போய்விடும் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறாய். நான் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்.

இரண்டாம் தடவை ஓடியபோது எஸ்தர் உதடு கார்டு வரியை முணுமுணுத்தது. குழந்தைதானே, எத்தனை தடவை கேட்டால் உன் வரி மறக்கும்? பத்தா? மூன்றாம் தடவை நான் முள்ளைத் தூக்கினேன்.

“லேட்டு, சித்தப்பா. யானை வந்துட்டாரு.”

நாலாம் தடவை சரியான இடத்தில் தூக்கிவிட்டேன். எஸ்தர் தனியாக உன் வரியைப் பாடினாள். ‘ஆவடியில’ என்பதை நீ இழுத்துப் பாடுவாயா, வெட்டிப் பாடுவாயா? அவள் இழுத்தாள். சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கம்பெனியில் எதை அளந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க மாஸ்டர் பீஸ் என்று ஒரு மூல மாதிரி இருக்கும். இதற்கு யாரிடம் போவேன்? அண்ணியிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது. அவருக்கும் ஞாபகமில்லை என்று சொல்லிவிட்டால்?

பாட்டு முடிந்ததும் எஸ்தர் சீட்டை எடுத்து, ரயில் பாட்டுக்குப் பக்கத்தில் ‘அடுத்த ஞாயிறும்’ என்று எழுதினாள். அதனால் உனக்கு ஒரு வாக்கு தருகிறேன். அவள் கேட்கிற ஒவ்வொரு ஞாயிறும், கார்டு யானை வருவதற்கு முன்னால் நான் முள்ளைத் தூக்குவேன். இனி லேட் ஆகாது.

உன் தம்பி,
ஜோயல்