தறியை நிறுத்தாமல் பதிந்த கேசட்

செல்லூர்,
மதுரை-2.
14.7.2002

அன்பு மகன் அழகுபாண்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் தங்கச்சியும் சுகமாக இருக்கிறோம், பெங்களூர்க் குளிரில் நீயும் பாட்டுக் குழுவில் உன்னோடு வாசிக்கிற மூன்று பிள்ளைகளும் வயிறாரச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். வழக்கம்போல நான் சொல்லச் சொல்லத் தமிழ்ச்செல்விதான் எழுதுகிறாள், எட்டாவதோடு நின்றாலும் அவள் கையெழுத்து எப்படி என்று உனக்கே தெரியும். அப்பாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. போன மாதம் வாடிப்பட்டியில் உன் மாமா நல்லகாமன் பேத்திக்குக் காதுகுத்து. ரேடியோ செட்காரன் உன் "நிக்காத பஸ்" பாட்டை ஒன்பது தடவை போட்டான். மூன்று நிமிஷப் பாட்டு, அதில் பாதி நீ கத்துவது, அதற்கு உன் மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்க மாப்ள பாட்டு, எங்க மாப்ள பாட்டு என்று ஆடினார். ஆறு மாதத்துக்கு முன்னால் அதே பாட்டைக் கேட்டுவிட்டு, இவனுக்குப் பேய் பிடிச்சிருக்குக்கா, கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போ என்றவரும் அவர்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கேசட் கம்பெனியிலிருந்து ஒருவர் எங்கள் தறிக்கூடத்து முதலாளி போனுக்குப் பேசினார். நீங்கள் இப்போது போடுகிற இரண்டாவது கேசட்டில் பாட்டே இல்லையாம், ஒன்று பதினோரு நிமிஷம் ஓடுதாம், அதில் யாரோ தறிக்கூடத்து ஆட்கள் சண்டை போடுகிறார்களாம். இதை எவம்மா கேப்பான், "நிக்காத பஸ்" மாதிரியே பத்துப் பாட்டு போடச் சொல்லுங்க, இல்லேன்னா கேசட் வெளிய வராது, பெத்தவ சொன்னா கேப்பான் என்றார். எனக்குப் பயம் வந்துவிட்டது. கிடைத்த பேர் கைவிட்டுப் போய்விடுமோ என்று, சரிங்கய்யா எழுதிப் போடுறேன் என்று ஒத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வரி எழுதிய தமிழ்ச்செல்வி பேனாவை மூடி வைத்துவிட்டாள். தறிக்கு நூல் தார் சுற்றும்போது பக்கத்தில் ஆள் வந்து நின்றாலே தலையைத் தூக்காத பிள்ளை, இதை நான் எழுத மாட்டேன், வேற யார்கிட்டயாச்சும் எழுதி வாங்கிக்க என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். எம்புட்டுத் திட்டியும் அசையவில்லை. (இதையெல்லாம் எழுதாதே என்கிறாள், எழுதுடி என்கிறேன்.) அப்புறம் நீ அனுப்பிய அந்தப் பதினோரு நிமிஷத்தை டேப்பில் போட்டு, முழுசாக் கேளு என்று என்னை உட்கார வைத்தாள். அதுவரை நான் அதைப் பாதியிலேயே அணைத்து வைத்திருந்தேன்.

கேட்டேன். நீ தறிச் சத்தம் பதிந்து அனுப்பச் சொன்னபோது, ரிக்கார்டிங் என்றால் சத்தம் இருக்கக் கூடாது என்று முதலாளியிடம் கெஞ்சி எட்டுத் தறியையும் நிறுத்தியவள் நான்தான். தறி நின்ற பிறகும் எங்களுக்கு மெதுவாகப் பேச வரவில்லை. தார் தீந்துபோச்சுடி என்று நான் கத்த, வாரேன், காது செவிடா எனக்கு என்று கூட வேலை பார்க்கும் ஒச்சம்மாள் அதைவிடக் கத்த, அம்புட்டும் அதில் இருந்தது. நான் செய்த கிறுக்குத்தனத்தை நீ தூக்கிப் போடவில்லை. அதுக்கு அடியில் உன் கிடார் ஒற்றைக் கம்பியில் ஊர்ந்து வந்து, கடைசியில் நாங்கள் கத்துவதும் நீ கத்துவதும் ஒன்றாகிவிடுகிறது. அது பாட்டா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இருபது வருஷமாக இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசி என் தொண்டை இப்படிக் கரகரத்துப் போனதை நான் யாரிடமும் சொன்னதில்லை, அது அதில் கேட்டது.

மறுநாள் அந்த ஆளுக்கு நானே போன் போட்டேன். பஸ் நிக்கலைன்னு எம்மகன் ஒருக்காக் கத்துனான், கேட்டீங்க, அதையே பத்துத் தடவை கத்த அவன் என்ன கண்டக்டரா என்றேன். மெதுவாப் பேசுங்கம்மா, காது வலிக்குது என்றார். தறிக்காரி இப்படித்தான் பேசுவா என்று வைத்துவிட்டேன். அவர் வெளியிடாவிட்டால் போகட்டும், நீங்களே கேசட் போட்டுக் கையில் கொடுங்கள். நான்கு பேர் கேட்டாலும் அதைத்தான் கேட்க வேண்டும். பழைய மாதிரி பாடு என்று இந்த வீட்டிலிருந்து ஒரு சொல் வராது. கூட வாசிக்கிற பிள்ளைகள் தயங்கினால் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டு.

தொண்டைக்கு மிளகும் பனங்கற்கண்டும் வைத்துக்கொள். தலைமுடியைக் கோழிக்கொண்டை மாதிரி நிறுத்தியிருக்கிறாயாமே, நிறுத்திக்கொள், வாரம் ஒருநாள் எண்ணெய் மட்டும் வை. நம் சாமி உன் கையையும் குரலையும் காக்கட்டும். மறந்துவிடாதே, என் சத்தத்தை ஒரு இடத்திலும் குறைக்கக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெயக்கொடி

அண்ணே, நான் தமிழ்ச்செல்வி. இத்தோடு ஒரு கேசட் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை ஒரு தறியையும் நிறுத்தவில்லை. இரண்டாம் பக்கம் முடியப்போகும்போது எட்டுத் தறிக்கும் மேலே ஒரு சத்தம் கேட்கும். அது அம்மா இல்லை.