விரிசல் எந்தப் பக்கம் போகும்

மே 12, செவ்வாய். இரவு.

மாலையில் பக்கத்துக் கொல்லை செல்வி அக்கா வந்தார். "ரெண்டு நாளா எங்க போர்ல சேறா வருது, அப்பறம் வெறுங்காத்துதான். நீதான் எண்ணெக் கெணறு படிச்சவளாச்சே, இன்னான்னு சொல்லேன்" என்றார்.

"மோட்டாரா இருக்கும்க்கா" என்றேன். மோட்டார் இல்லை என்று எனக்குத் தெரியும்.

போன வாரம், வற்றிப்போன எங்கள் போர்வெல்லில் தண்ணீரை அழுத்தி ஏற்றி அடிப்பாறையைப் பிளக்க வண்டி வந்தது. "எங்க போருக்கு ஒண்ணும் ஆவாதே?" என்று அக்கா அன்றே கேட்டார். மாமனார் என் முகத்தைப் பார்த்தார். "ஆவாதுக்கா" என்று நான்தான் சொன்னேன். "எண்ணெ வந்தா எனக்கும் ஒரு டின் குடு" என்று அக்கா சிரித்தார்.

கல்லூரியில் என் கடைசி வருட ப்ராஜெக்டே அதுதான். ஷேல் பாறையில் எரிவாயு எடுக்க ஒரு கிணற்றில் பிளந்தால், விரிசல் பக்கத்துக் கிணறு வரை ஓடி அதைக் கெடுத்துவிடலாம். முதலில் இடைவெளியைப் பார்க்க வேண்டும் என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அக்காவின் போர் எங்களுடையதிலிருந்து நாற்பதடி கூட இல்லை.

"நீ சொன்னா சரிதாம்மா, காலையில மோட்டாரத் தூக்க ஆள் வரச் சொல்றேன்" என்று கிளம்பியவர், என் இடுப்பிலிருந்த பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார். "இன்னாடி, குளிச்சிக்கினு பளபளன்னு கீற?"

எங்கள் போரில் மறுபடி வரத் தொடங்கிய தண்ணீரை நிறைய விட்டுத்தான் குளிப்பாட்டியிருந்தேன்.

குழாய் முழுவதையும் இழுத்து வெளியே போடுவார்கள். மோட்டார் நன்றாகத்தான் இருக்கும். ஆள் வருவதற்குள் போய்ச் சொல்லிவிட வேண்டும். மாமனார் எழுவதற்குள்ளும்.