ஊசியா, தட்டா?

மார்ச் 3
மண்டை காய்கிறது. மண் மாதிரியை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அத்தனையும் ஊசி. மஞ்சள் மண்ணில் இருக்கும் இரும்புத் துரு, கோதைட், இப்படித்தான் ஊசி ஊசியாக இருக்கும். ஆனால் எக்ஸ்ரே சோதனை இது ஹெமடைட், வேறு வகைத் துரு, என்கிறது. அது சிவப்பு மண்ணில் தட்டுத் தட்டாக அல்லவா இருக்க வேண்டும்? பொடியும் சிவப்புதான். பிறகு ஊசி எங்கிருந்து வந்தது? பக்கத்துச் சீசாவின் மாங்கனீசு எவ்வளவு தங்கமான பிள்ளை! பாடப் புத்தகத்தில் போட்டிருப்பது போலவே இதழ் இதழாக உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 4
திரும்பவும் பார்த்தேன். ஊசிதான். எழவு.

மார்ச் 6
ஆய்வகத் தலைவர் சாரிடம் காட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.
"இது புதுசும்மா! இதைக் காட்டி உன் வேலையை நீட்டிக்கச் சொல்றேன். இல்லேன்னா இந்த மாசத்தோட சரி, தெரியுமில்ல?"
தெரியும். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஏன் முடியவில்லை?

மார்ச் 11
கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பியாயிற்று. முதல் பெயர் என்னுடையது. அக்காவுக்குப் போன் செய்து புலம்பினேன். "உனக்கு நல்லது நடந்தாலே ஆகாதுடி" என்று திட்டினாள். பின்னால் அவள் கைக்குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.

மார்ச் 13
மனசு கேட்காமல், அந்த மண் வந்த பையைப் பிரித்தேன். உள்ளே மஞ்சள்! என் சீசாவில் சிவப்பு. பை மாறிவிட்டதா? எண் சரியாக இருக்கிறதே. எனக்குத்தான் பைத்தியமா?

சீசாவை நிரப்பியது அடுத்த பிரிவு ஆராய்ச்சியாளன். சிரித்தால் கூரை அதிரும், அதனால் வெடி என்போம். அக்காவின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது, "மண்ணைக் கொஞ்சம் சூடு காட்டி வைப்பா" என்று அவனிடம்தான் போனில் சொன்னேன். ஓடிப் போய்க் கேட்டேன்.

"காட்டினேனே! உலையில, முந்நூறு டிகிரி. நீங்கதானே சொன்னீங்க?"

உலையிலா! ஈரம் போக இளஞ்சூட்டில் வை என்றல்லவா சொன்னேன்? அவன் பிரிவில் எதையும் எரித்துச் சாம்பலாக்கித்தான் பார்ப்பார்கள். சூடு காட்டுவது என்றால் அங்கே உலைதான். கோதைட் வெந்து ஹெமடைட் ஆகிவிட்டது, ஊசி உருவம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. ஐயோ.

மார்ச் 14
சொல்லவா? பொய் ஒன்றும் எழுதவில்லையே, பார்த்ததைத்தானே — ச்சீ.

மார்ச் 16
சொல்லிவிட்டேன். சார் கண்ணாடியைக் கழற்றினார்.
"வேற யாருக்குத் தெரியும்?"
"வெடிக்கு, சார்."
"அவன் வாயைத் திறக்க மாட்டான். நீ ஏம்மா திறக்கற?"
கோபமா அது, கெஞ்சலா? ஒன்றும் புரியவில்லை. வெளியே வந்து கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக நானே எழுதிப் போட்டேன்.

மார்ச் 20
சார் பேசுவதில்லை.

மார்ச் 31
மேசையைக் காலி செய்தேன். வெடி சிரிக்கவே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி வரை வந்தான். சொல்லாமல் போய்விடலாம் என்றுதான் இருந்தேன், கால் தானாகச் சாரின் அறைக்குத் திரும்பியது. பெட்டியோடு வெடியும் பின்னாலேயே வந்தான். உள்ளே மேசை முழுக்கக் காகிதம் விரித்து, அதன் மேல் அந்த மஞ்சள் மண்ணைப் பரப்பி, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்.

"தானாக் காயட்டும்னு போட்டிருக்கேன்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வேலை போனது போனதுதான். வெடியிடமிருந்து பெட்டியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, கட்டிகளை உடைக்க உட்கார்ந்தேன்.