சிவப்புக் காலுறையும் ஹெய்சோவும்

என்னங்க,

அக்கா வீட்டுக்குப் போகிறேன். நாளை மத்தியானம் வந்துவிடுவேன். ஹெய்சோவைப் பட்டினி போட்டுவிடாதீர்கள்.

உங்கள் அறுபதாம் பிறந்தநாளுக்குப் பையன் கொடுத்த ஆமை, வந்து நாலு நாள்தான் ஆகிறது. குளிருமே என்று அடியில் சூடு வரும் கோதாத்சு மேசையின் போர்வைக்குள் அவனை விட்டது நீங்கள். அறுபது வயதானால் போடும் சிவப்புக் காலுறையோடு அதே போர்வைக்குள் காலை நீட்டியதும் நீங்கள். ஸ்ட்ராபெரி என்று நினைத்து உங்கள் கால்விரலைக் கடித்துவிட்டான், பாவம்.

ஆமை விற்ற கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "சிவப்பா எதைப் பார்த்தாலும் பழம்னு நினைச்சுக்கும்மா. முதல்ல அவனை வெளிய எடுத்து சூடு விளக்குக்குக் கீழ விடுங்க" என்று சிரிக்கிறார்.

ஆகவே இன்று வெள்ளைக் காலுறை. பொழுது சாயும்வரை விளக்கை அணைக்காதீர்கள். அவனை வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் உட்கார வையுங்கள், சமையல் பாத்திரத்தில் அல்ல.

"இந்த வீட்ல இனி நானா, அந்த ஆமையா, நீயே சொல்லு!" என்று நேற்று கத்தினீர்களே, யோசித்துப் பார்த்தேன். சாப்பாடு ஒருவருக்குத்தான் வைத்திருக்கிறேன். கீரையும் கேரட்டும், உப்பில்லாமல்.

ஃபுமியே

பி.கு.: சரி, சரி. உங்களுக்கு மீன் குழம்பு ஃப்ரிட்ஜில் இருக்கிறது.

இன்னொன்று: கத்திவிட்டுப் போய் அவன் முன்னால் குனிந்து, "பயந்துட்டியாடா? என்மேலதான் தப்பு" என்று நீங்கள் குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. முப்பத்து நாலு வருடமாக அதைக் கேட்கத்தான் நான் காத்திருக்கிறேன். நாளைக்கு என்னிடமும் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். கடிக்க மாட்டேன்.