சாரலில் ஒரு கினிப்பன்றிக் கூடு

19 ஜூன் 1963, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். கொடியில் துணி இரண்டாம் நாளாகக் காயவில்லை.

மாலையில் இவர் ஆஸ்பத்திரி வேலை முடிந்து குடையும் கூடையுமாக வந்தார். கூடைக்குள் ஒரு கினிப்பன்றி. ஆய்வுக்கூடத்தில் ஊசி போட்டுப் பார்ப்பதற்காக வளர்க்கிறவை. கூரை ஒழுகி, ஈரத்தில் மற்றதெல்லாம் செத்துவிட்டதாம். இது ஒன்றுதான் மிச்சம். கூரை வேலை முடியும் வரை வீட்டில் வைத்திருக்கச் சொன்னார்களாம். அப்புறம்? "அப்புறம் ஊசிதான்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். இவருக்குத் திருப்பிக் கொடுக்க மனசில்லை. கேட்காமலே தெரிந்தது.

பன்றியும் இல்லை, எலியும் இல்லை. பழுப்பும் வெள்ளையும். வாலே கிடையாது. ஆண். இனி எழுதும்போது கி.ப.

வீட்டுக்காரி பிச்சம்மா மதினி கிணற்றடியிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "ஏட்டி கோமதி, பெருச்சாளியைப் போயி யாராவது வளப்பாகளா? வீட்டுக்குள்ள கூடவே கூடாது. பொறவாசல்ல வச்சுக்கோ. நாத்தம் வந்துச்சுன்னா மறுநாளே கொண்டுபோயி ஆஸ்பத்திரியில விட்டுரணும், ஆமா!"

21, வெள்ளி

கூடு தேடும் படலம்.

பஞ்சாரம் – கோழி கவிழ்க்கிற மூங்கில் கூடை. தரை கிடையாது. ஈர மண்ணில் கி.ப. வயிறு நனைந்து உட்கார்ந்திருந்தது. தள்ளுபடி.

தேயிலைப் பெட்டி – புளியறை செக்போஸ்ட் பக்கம் இவருக்குத் தெரிந்த லாரிக்காரர் கொடுத்தது. உள்ளே முழுக்க ஈயத்தாள். ஈரத்துணியால் ஒரு இழுப்பு, பளிச். முன்னால் கம்பிவலை அடித்து, மேலே பழைய ஓலைப்பாய். இதுதான் சரி.

சாயங்காலம் இவர் பெட்டி முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் நடந்ததையெல்லாம் கி.ப.விடம் சொல்லிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷத்தில் மனிதர் இத்தனை பேசி நான் கேட்டதில்லை. பேச்சு அதனிடம்தான். பக்கத்தில் நானும் கீரை ஆய்ந்துகொண்டு இருந்தேனே! நன்றாக இருந்தது.

25, செவ்வாய்

தேயிலைப் பெட்டி தோல்வி. ஈயத்தாளைக் கொறித்துக் கிழித்துவிட்டது. மூத்திரமெல்லாம் பலகை இடுக்கில். கழுவ இரண்டு ஆள் வேண்டும்: ஒருவர் கி.ப.வை மடியில் வைத்துக்கொள்ள, ஒருவர் பெட்டியைக் கவிழ்த்துத் தேய்க்க. சாரலில் அது காய்ந்தால்தானே! நானும் விடாமல் சாம்பல், புளி, சோடாமாவு. மரம் குடித்தது குடித்ததுதான்.

பி. மதினி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனாள். வேண்டுமென்றே இரண்டு தடவை. "சனிக்கிழமை வந்து மோந்து பாப்பேன். பெறவு என்னையக் குத்தம் சொல்லப்பிடாது."

தலைவலி. அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன்.

27, வியாழன்

தெற்குத் தெரு ஆசாரியை இவர் கூட்டிவந்தார். மனிதர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏம்மா, கூட்டைக் கழுவினா எப்படிக் காயும்? தட்டைக் கழுவுங்க." மூளை என்றால் அது மூளை.

அவர் சொன்னபடி: தரைக்குப் பலகையே வேண்டாம், தகரத் தட்டு. மேசை இழுப்பறை மாதிரி உருவலாம். ஒரு ஓரம் படுக்க அறை, நடுவில் ஏற்றி இறக்கும் பலகை. கதவு முழு அகலத்துக்கு, என் கை எல்லா மூலைக்கும் எட்ட வேண்டும். கூரை பின்பக்கம் சரிவு. நாலு கால்.

எல்லாம் சரி. திங்கட்கிழமைதான் முடியுமாம். மதினி கெடுவோ சனிக்கிழமை.

29, சனி

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கூடுதான் வரவில்லை, கி.ப.வையாவது மணக்க வைப்போம் என்று நினைத்தேன். ஆண்பிள்ளை, இன்றைக்குச் சனிக்கிழமை வேறு. இவருக்கு வைத்த நல்லெண்ணெயும் சீயக்காயும் வெந்நீரும் மிச்சம் இருந்தது. தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டேன். வெயில் ஒரு பொட்டு இல்லை. அரை மணியில் நடுக்கம். கண் செருகிவிட்டது. இவர் தன் துண்டை எடுத்து அதைச் சுற்றினார். திட்டியிருந்தால் தேவலை.

மோந்து பார்க்க வந்த மதினி வாசலிலேயே நின்றாள். "அடி கூறுகெட்டவளே! சாரல்ல இது எப்படிட்டீ காயும்? குடு இங்கன."

பிடுங்கிக்கொண்டு தன் அடுக்களைக்கே போய்விட்டாள். வீட்டுக்குள் கூடாது என்று சொன்னவள்! தணல் சட்டியை இழுத்து வைத்து, பழைய வேட்டியைச் சூடுகாட்டிச் சூடுகாட்டித் துடைத்தாள். "கன்னுக்குட்டி பிறந்தா இப்படித்தான் தொடப்போம்." மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட மதினி எழுந்திருக்கவில்லை. நாலு மணிக்குக் கி.ப. ஒரு கொத்தமல்லித் தண்டைக் கடித்தது. மதினி கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். "போதும்ட்டி, மூக்கைச் சிந்து."

மோந்து பார்க்க மறந்துவிட்டாள். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

1 ஜூலை, திங்கள்

கூடு வந்தது. தட்டில் உமி. கி.ப.வைப் படுக்கும் அறைக்குத் தள்ளி, பலகையை இறக்கி, தட்டை உருவி, உமியைக் கொட்டி, ஒரு வாளித் தண்ணீர், துணியால் துடைப்பு, மறுபடி உமி. தோசை வேகும் நேரம்கூட ஆகவில்லை. ஒற்றை ஆள் போதும். எறும்பு வராமல் கால்களுக்கு அடியில் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர்.

கொட்டிய உமியை மதினி தன் வாழைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "மோந்து பாக்கலையா மதினி?" என்றேன். "சும்மா கிட," என்றாள்.

ஆசாரி நன்றாக இருக்கட்டும். மதினியும்.

6, சனி

குற்றாலத்தில் சீசன் கூட்டம், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். மாங்காய் ஊறுகாய் போட்டேன்.

இவருக்குச் சனிக்கிழமை லீவு. பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிச் சேவகர் வந்துவிட்டார். கூரை வேலை முடிந்ததாம், பிராணியைக் கொடுத்துவிட வேண்டுமாம். இவருக்குப் பொய் வராது. குடையை எடுத்து விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். நான் ஊறுகாய்க் கையோடு புறவாசல் வழியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

தன் அடுக்களையிலிருந்து மதினி வந்தாள். "அந்தப் பெருச்சாளியா? அது செத்து ஒரு வாரமாச்சே அண்ணாச்சி. இந்தக் கூறுகெட்டவ எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டிக் கொன்னுட்டா. வாழை மூட்டுல பொதைச்சிருக்கு, தோண்டிப் பாக்கேளா?"

அந்த நேரம் பார்த்துப் புறவாசலில் கி.ப. வீல் வீலென்று கத்தியது. சேவகர் தலையைத் தூக்கினார். "அது என்னது?"

"கிணத்து உருளை. எண்ணெ போடுங்கன்னு நானும் ஆறு மாசமாச் சொல்லுதேன், வீட்டுல யாரு கேக்கா?"

அவர் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனார். தெரு முனை திரும்பும் வரை மூவரும் வாசலில் நின்று பார்த்தோம். இவர் புறவாசலுக்கு ஓடினார். நான் மதினி காலில் விழப் போனேன். தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

"என்னட்டி நிக்கே? செத்துப்போனதுக்குப் பசிக்கும்லா? போயி அருகம்புல்லு அறுத்துட்டு வா."