முன் படம், பின் படம்

கம்பாலா,
மார்ச் 4

அன்புள்ள நந்துத்துவுக்கு,

போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். சரி, காகிதத்திலேயே எழுதுகிறேன். சதுப்பில் தண்ணீர் ஏறிவிட்டதா? படகுக்குத் தார் பூசினாயா?

நல்ல சேதி. நம் செருப்புமூக்கன் பறவையின் படம் வெளிநாட்டுப் போட்டியில் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. மம்பா மீனைக் கவ்விக்கொண்டு இறக்கை விரித்து எழும்புகிறதே, அதே படம்தான். மனுவில் ஒரு பெயருக்குத்தான் இடம் இருந்தது, என் பெயரைப் போட்டேன். கோபித்துக்கொள்ளாதே. புருஷன் வேறு, பெண்டாட்டி வேறா?

அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மம்பா எங்கள் குலச்சின்னம் அல்லவா? "எங்க குலத்து மீன ஒலகமே பாக்கப் போகுதுடா!" என்று எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொல்கிறார். "பறவை வாயில இருக்கேண்ணே" என்று அத்தை கேட்டதற்கு, "தின்னது பறவைதானே, நாம இல்லையே" என்றாராம். ஈஸ்டருக்கு மறு சனிக்கிழமை குலத்தாரைக் கூட்டி, எனக்கு மரவுரி போர்த்தி, தனக்குப் பின் நான்தான் என்று சபையில் சொல்லப் போகிறார். அண்ணன்மார் இரண்டு பேரும் இருக்க, நான்! 

ஒரு சின்ன உதவி. அந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றைப் போட்டிக்காரர்கள் கேட்கிறார்கள். இரை போட்டு வரவழைத்த பறவையா என்று பார்ப்பார்களாம். மெமரி கார்டு உன்னிடம்தானே இருக்கிறது? சீக்கிரம் அனுப்பு.

உன்
முபிரு


சதுப்புத்துறை,
மார்ச் 11

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

தண்ணீர் ஏறிவிட்டது. தார் நானே பூசினேன், வேறு யார் இருக்கிறார்கள்? நேற்று வலை போடப் போனவர்கள், செருப்புமூக்கன் குறுக்கே நிற்பதைப் பார்த்துத் துடுப்பைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். "இன்னிக்கு ஒரு செதில்கூட விழாது. இந்தம்மா ஒருத்திக்குத்தான் இவன் நல்ல சகுனம்" என்று என்னைத் திட்டிக்கொண்டே போனார்கள். எனக்கும் அவன் நல்ல சகுனம்தானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

கோரைக்குள் படகில் விடியற்காலையிலிருந்து குப்புறக் கிடந்தது நான். கழுத்தில் அட்டை ஏறியபோதும் அசையவில்லை. "மீன்காரங்க யாரும் இந்தப் பக்கம் வராம நான் பாத்துக்கறேன்" என்று நீங்கள் இன்னொரு படகில் போனீர்கள். அப்புறம் அந்த ஒரு படத்தை மட்டும் போனில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறியதும் நீங்கள்தான். ஒரு வார்த்தை கேட்டீர்களா?

நான் மலைநாட்டுக்காரி. எங்கள் வீட்டில் மம்பா மீன் என்றால் விருந்து. உங்கள் குலத்துக்காகக் கல்யாணமான நாளிலிருந்து அதை என் சட்டியில் போட்டதில்லை. சந்தையில் ஒருமுறை கை பட்டதற்கு, "என் அப்பன தொட்டுட்டு வந்து எனக்குச் சோறு போடுறியாடி?" என்று தட்டைத் தள்ளிவிட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

எனக்குப் பரிசு வேண்டாம். சபையில் உங்கள் அப்பா முன்னால், "படம் எடுத்தது என் பெண்டாட்டி நந்துத்து" என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அது போதும்.

கார்டு என் பெட்டியில் இருக்கிறது. முன் படத்தையும் பின் படத்தையும் நீங்கள் ஒரு தடவையாவது பார்த்தீர்களா? விழாவுக்கு முன் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போங்கள். கட்டாயம் வாருங்கள்.

உங்கள்
நந்துத்து


கம்பாலா,
மார்ச் 20

நந்துத்துவுக்கு,

பழைய புராணம் எல்லாம் எதற்கு? சபையில் உன் பெயரைச் சொன்னால், "துடுப்பு புடிக்கிறவ எடுத்த படத்துக்கா இவனுக்கு மரவுரி?" என்று அண்ணன்மார் சிரிப்பார்கள். நீ விழாவுக்கும் வர வேண்டாம். மாமனார் எதிரில் மருமகள் வந்து நிற்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை, உனக்கே தெரியும்.

அந்தப் படங்களில் நான் வந்து பார்க்க என்ன இருக்கிறது? கோரையும் தண்ணீரும்தானே! நேரே போட்டிக்காரர்களுக்கு அனுப்பிவிடு. மேலுறையில் அவர்கள் விலாசம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கும் பெரிதாக அச்சுப் போட்டு அனுப்பு. முன் படம், நடுப் படம், பின் படம் மூன்றையும் வரிசையாக மாட்டிச் சபைக்குக் காட்ட ஆசைப்படுகிறார். 

சொன்னதைச் செய். அது போதும்.

முபிரு


சதுப்புத்துறை,
ஈஸ்டருக்கு மறு வியாழன்

முபிரு அவர்களுக்கு,

சொன்னதைச் செய்துவிட்டேன்.

முன் படத்தில் நீங்கள் படகில் எழுந்து நிற்கிறீர்கள். மஞ்சள் மழைச்சட்டை. இரண்டு கையாலும் ஒரு மம்பா மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறீர்கள், அதன் கழுத்தில் கயிறு. பறவை உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. பின் படத்தில் கை காலி, வாயெல்லாம் பல். முகம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. நான் எடுக்கும் படம் என்றைக்கு மங்கியது?

எடுக்கும்போது என் கண் பறவையை விட்டு நகரவில்லை; அன்று வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் ஓரத்தில் நீங்கள் தெரிந்தீர்கள். குலத்து மீனைக் கொன்று இரையாகப் போட்டவன் என்று தெரிந்தால் உங்கள் அப்பா உங்களை வாசலில்கூட ஏற்றமாட்டாரே என்று, யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்தேன். நீங்கள் வந்து ஒருமுறை பார்த்திருந்தால், என் பெயரைச் சொல்வதாக ஒரு வார்த்தை எழுதியிருந்தால், அந்தக் கார்டைத் தண்ணீரில் வீசியிருப்பேன். என் சாமி மேல் ஆணை.

வெளிநாட்டுத் தபால் போன வாரமே போய்விட்டது. மாமனாருக்கு நான் நேரில் கொடுக்கக் கூடாதல்லவா? வழக்கத்தை மீறுவேனா நான்! உங்கள் அத்தையிடம் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை பார்த்தார்.

"இது நம்ம முபிருதானா?"

"அவருதான் அத்தை."

"மீனு உயிரோடயா?"

"செத்ததுதான். கழுத்துல இறுக்குன கயிறப் பாருங்க."

அத்தை படங்களைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நாசமாப் போக! இவனுக்குப் போத்த வச்ச மரவுரியிலயே இதச் சுத்துறேன். சனிக்கிழம சபையில நானே பிரிக்கிறேன்" என்றார். இதை பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன், நாளை உங்கள் கைக்கு வரும்; ஓடிப்போய்த் தடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். உங்கள் அத்தை கையிலிருந்து எதையும் யாரும் பிடுங்கியதில்லை.

என் படமும் இதோடு போச்சு. இரை போட்ட படம் என்று தூக்கி எறிவார்கள். இறக்கையில் அந்த வெளிச்சம் எனக்கு இன்னொரு தடவை கிடைக்குமா? கிடைக்காது. தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்பார்கள். என் மூக்கு அறுந்துவிட்டது, வலிக்கத்தான் வலிக்கிறது. ஆனாலும் மனசு குளிர்ந்து கிடக்கிறது.

இன்று காலை சந்தையில் கொழுத்த மம்பா மீன் ஒன்று வாங்கினேன். உங்கள் வீட்டில், உங்கள் அடுப்பில், நிலக்கடலைக் குழம்பில் கொதித்துக்கொண்டிருக்கிறது. வாசனை தெருமுனை வரைக்கும் போகிறதாம். போய் இறக்க வேண்டும்.

படம் எடுத்தவள்,
நந்துத்து